பின்னால் வருபவர்

மாரத்தஹள்ளிப் பாலத்திலிருந்து
நாலாவது கண்ணாடிக் கட்டடம்.
வாசலில் கன்னடத்திலும் இந்தியிலும் ஒட்டியிருக்கிறார்கள்:
பின்னால் வருபவருக்காகக் கதவைப் பிடிக்காதீர்.
தமிழில் இல்லை.
எனக்குத் தேவையும் இல்லை,
அந்த ஒரு வரிக்குத்தான் எனக்குச் சம்பளம்.

இரவுப் பணி. ஆறு திரைகள்.
ஏசிக் குளிருக்கு ஒரு சால்வை,
யாரோ விட்டுப்போன காராபூந்திப் பொட்டலம்.
உள்ளே இருக்கிற யாரையும்
உள்ளே இருக்கிறார் என்பதற்காக நாங்கள் நம்புவதில்லை.
ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு கதவு,
ஒவ்வொரு கதவிலும் மறுபடி முதலிலிருந்து
யார் நீ, எந்தக் கருவி, எதற்கு, எவ்வளவு நேரம்.
தாயும் பிள்ளையும் ஆனாலும்
வாயும் வயிறும் வேறு என்று
மென்பொருளுக்கு யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள்.

இரண்டு பதினேழு.
கணக்குப் பிரிவு வென்சிலாஸ்
சம்பளப் பெட்டகத்தைத் தட்டுகிறான்.
கடவுச்சொல் சரி.
கைப்பேசிக்குப் போன ஆறு இலக்கமும் சரி.
இடம் பிரேசர் டவுன், அவன் வீடேதான்.
காவலுக்கு ஒரே ஒருவன் இருந்திருந்தால்
வணக்கம் வைத்துத் திறந்துவிட்டிருப்பான்.

ஆனால் முந்தாநாள் அவன் பிரித்த
மின்கட்டண பாக்கி மடலை
அஞ்சல் மறக்கவில்லை.
அன்றிரவு முதல் தனக்குள்
பெயரில்லாத ஒன்று மூச்சு விடுவது
மடிக்கணினிக்குத் தெரியும்.
நாற்பது நிமிடத்துக்கொருமுறை
ஊர் தெரியாத ஊருக்கு ஒரு சின்னத் துணுக்கு போவதை
வலைப்பாதை எண்ணிக்கொண்டிருந்தது.
அடுத்தடுத்த வீட்டில் இருந்துகொண்டு
முகம் பார்க்காத மூன்று சாட்சிகள்.
போன மார்ச்சில்தான் பேசவைத்தோம்.

பேசின.

பதினோரு நொடி.
பெட்டகம் மூடியது, அஞ்சல் மூடியது,
கேன்டீன் மெனுகூடத் திறக்காதபடி
ஆளைத் தீவாக்கிவிட்டு
அப்புறம்தான் என் திரை சிவந்தது.

உடனே போன்.
“ஏய், நான்தான். திற.
காலைல ஹவுஸ்கீப்பிங் ஆளுங்களுக்கு
சம்பளம் ஏத்தணும்.”
அவன் குரல்தான், தங்கவயல் இழுவையோடு.
பின்னால் அவன் குழந்தையின் இருமல்.
குரலை இப்போது வார்த்து எடுக்கிறார்கள்,
இருமலையும்.
“அட்டையோட நேர்ல வா” என்றேன்.
“உன் கல்யாணத்துல பந்தி பரிமாறினவன் நான்.”

பரிமாறினான்.
ரசத்தை என் மாமனார் வேட்டியில் சிந்தினான்.
அது எந்தப் பதிவேட்டிலும் இல்லை.
யார்மேல் சிந்தியது என்று கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை.
சரியாகச் சொல்லிவிட்டால்
திறந்துவிடுவேனோ என்று பயம்.

ஆறே முக்காலுக்கு வந்தான்.
ஹெல்மெட்டில் மழை, முகத்தில் நான்.
அவன்தான்.
இரவு பேசியதும் அவன்தான், தட்டியதும் அவன்தான்.
மடிக்கணினியைப் பிரித்தபோது கிடைத்தான்
இன்னொருவன்,
இவன் நிழலை ஒட்டி ஓரடி பின்னால்,
இவன் திறக்கப்போகும் கதவுக்காகப் பதுங்கி.
தெரியாமலே அவனுக்குக்
கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான் இவன்.

வேறு கணினியில், ஒரே ஒரு கோப்புக்கு,
இருபது நிமிட அனுமதி.
பத்தொன்பதில் முடித்தான்.
நூற்று நாற்பத்திரண்டு பேருக்குச் சம்பளம் போயிற்று.

கீழே தர்ஷினியில்
மூன்று வருடமாக என் முகத்தைப் பார்க்கிறவர்
டோக்கனை வாங்கி, கிழித்து, அப்புறம்தான்
காபியைத் தள்ளினார்.
சர்க்கரை குறைவு,
நான் சொல்லாமலே.

திரும்பும்போது வென்சிலாஸ் பின்னால் வந்தான்,
இரண்டு கையிலும் இட்லிப் பார்சல்.
நான் உள்ளே போனேன். கதவு மூடிக்கொண்டது.
ஒரு பையைப் பல்லில் கடித்துக்கொண்டு
அட்டையைத் தேடினான்.
பச்சை எரியும்வரை
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.